பெட்ரோல் முள்ளின் அளவையியல்

கார் ஓட்டுகிறவர் யாரும் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது ஒரு முள்ளை. அந்த முள்ளை வைத்து, பின் சீட்டுக்கு அடியில், இருட்டில், மூடிய பெட்டிக்குள் கிடக்கும் திரவத்தைப் பற்றி முடிவெடுக்கிறார். கண்ட பொருள் ஒன்று, அறிந்ததாக நினைக்கும் பொருள் வேறு. இப்படிப்பட்ட அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தமிழ் நூல்கள் கவனமாக ஆராய்ந்திருக்கின்றன. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, அறிவதற்குப் பத்து வழிகளை அடுக்குகிறான். 29ஆம் காதையில் அறவண அடிகள் நேரே காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது என்று இரண்டு போதும் என்கிறார். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியார் காண்டல், கருதல், உரை என மூன்றில் நிறுத்துகிறார். உரை என்பது நம்பத் தகுந்தவர் சொல்.

பெட்ரோல் முள் கோளாறு என்று வண்டியை மெக்கானிக்கிடம் விடும் முன், முள் இந்த மூன்றில் எதில் சேரும் என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலோர் அதைக் காண்டலில் சேர்க்கிறார்கள். "நானே பார்த்தேன், அரை டேங்க் இருந்தது" என்கிறார்கள். அவர்கள் பார்த்தது அரை டேங்கை அல்ல, அரை டேங்க் இருப்பதாகச் சொன்ன ஒரு சொல்லை. அந்தச் சொல் நான்கு வாய் மாறி வந்திருக்கிறது: மிதவை, மின்தடைப் பட்டை, ஒயர், மீட்டர். கோளாறு பார்க்கிற வேலை முழுவதும் இந்த நால்வரில் பொய் சொன்னது யார் என்று கண்டுபிடிப்பதுதான். யாரை முதலில் விசாரிக்கிறோம் என்பதில்தான் பணமும் நேரமும் இருக்கிறது. கடலோரமான வடசென்னையில் விசாரணை மூன்றாம் சாட்சியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் காண்டல் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். அதற்குத் தண்டையார்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. துறைமுகத்திலிருந்தும் மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் வரும் எரிபொருள் இங்கே எண்ணெய் நிறுவனங்களின் பெருந்தொட்டிகளில் தேங்கி, டேங்கர் லாரிகளில் ஏறி, ஊரெங்கும் போகிறது. 12,000 லிட்டர் லாரி ஒன்றில் வழக்கமாக 4,000 லிட்டராக மூன்று அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையையும் சட்டமுறை எடையளவுத் துறை அளந்து, எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று சான்று கொடுத்திருக்கும். லாரி பங்க்குக்கு வந்ததும் யாரும் குழாயை மாட்டிவிடுவதில்லை. சமதளத்தில் நிறுத்தி, உள்ளே அலை அடங்கும்வரை காத்திருக்கிறார்கள். பங்க் மேலாளர் லாரியின் மேல் ஏறி, சீலைச் சரிபார்த்து, மூடியைத் திறந்து, டிப் ராடைச் செங்குத்தாக இறக்குகிறார். எடுத்ததும் ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ராடின் அடிநுனியில் பூசிய பசை நிறம் மாறியிருந்தால் அடியில் தண்ணீர் இருக்கிறது. பிறகு ஜாடியில் கொஞ்சம் பிடித்து, அடர்த்திமானியும் வெப்பமானியும் போட்டு, கிடைத்த எண்ணை 15 டிகிரி செல்சியசுக்கு மாற்றுகிறார். சலானில் இருக்கும் அடர்த்திக்கும் இதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சரக்கை இறக்கக் கூடாது.

வெப்பத்தையும் ஏன் கணக்கில் சேர்க்கிறார்கள் என்றால், பெட்ரோல் வெயிலில் விரியும். 12,000 லிட்டரில் 10 டிகிரி ஏறினால் 100 லிட்டருக்கு மேல் கூடிவிடும். ஒரு சொட்டுகூட ஊற்றாமல்.

இத்தனை கவனத்தோடு அளந்து அனுப்பிய பெட்ரோல் கார் டேங்கில் இறங்கியதும் ஒரு சின்ன மிதவையின் பொறுப்பில் விடப்படுகிறது. எனக்கு இது வருத்தமான விஷயம். அளவுக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கும் ஊரில், அந்த மிதவைக்கும் அதன் சொல்லைக் கடத்தும் ஒயருக்கும் நாம் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை.

முள்ளே இல்லாத காலம் இருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன் சீட்டு மெத்தையைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, மரக்குச்சியை விட்டுப் பார்த்தார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1960களின் தொடக்கம் வரை முள் இல்லாமலே ஓடியது. பெட்ரோல் தீர்ந்து என்ஜின் தடுமாறினால் காலால் ஒரு நெம்புகோலைத் திருப்பி ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு உதாரணம் திருவொற்றியூர் புல்லட். மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த வண்டியில் தலைமுறை தலைமுறையாக முள் கிடையாது, பெட்ரோல் டேப்தான். டேங்குக்குள் இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்று உயரத்தில், ஒன்று தரையோடு. மேல் வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கினால் வண்டி இருமும். டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால் கீழ் வாய் திறக்கும். இந்த ஏற்பாடு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும், ஆனால் கூட்டிச் சொல்ல அதற்கு வழியே இல்லை. இடையில் யாரும் பேசவில்லை, பெட்ரோலே பேசியது. 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இல் அளவு டிஜிட்டல் கட்டங்களாகத் தெரிகிறது. வசதிதான். ஆனால் அங்கேயும் இனி நான்கு சாட்சிகள்.

இப்போது அந்த நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

மிதவை ஒரு கம்பிக் கையின் நுனியில் பெட்ரோலோடு ஏறி இறங்குகிறது. இது சொல்வது மட்டத்தை, கொள்ளளவை அல்ல. பங்க்கில் பூமிக்கடியில் படுத்திருக்கும் உருளைத் தொட்டியில் கால் உயரத்துக்குப் பெட்ரோல் இருந்தால் கால் தொட்டி இருப்பதாக ஆகாது. கணக்குப் போட்டால் 100க்கு 19.6 பங்குதான் வரும். அதனால்தான் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி அட்டவணை வைத்திருக்கிறார்கள். கார் டேங்க் உருளைகூட இல்லை. சைலன்சர் குழாய்க்கும் பின் அச்சுக்கும் இடம் விட்டு மேடும் பள்ளமுமாக மடங்கிய பெட்டி அது. மேல் பாதி மெதுவாகக் குறைந்து கீழ்ப் பாதி சட்டென்று காலியாவதுபோலத் தெரிந்தால், பல வண்டிகளில் அது கோளாறே இல்லை, டேங்கின் வடிவம். மேம்பாலம் ஏறும்போது முள் ஒரு பக்கமும் இறங்கும்போது இன்னொரு பக்கமும் சாய்வதும் அப்படித்தான். மிதவையின் உண்மையான கோளாறுகள் இரண்டு: ஓட்டை விழுந்து மூழ்கிவிடுவது, கை வளைந்து டேங்க் சுவரில் தட்டி நிற்பது. இரண்டிலும் முள் ஒரே இடத்தில் உறைந்து நிற்கும். பெட்ரோல் போட்டாலும் அசையாது.

அடுத்தது மின்தடைப் பட்டை. மிதவையின் கை ஏறி இறங்கும்போது ஒரு மெல்லிய தொடுமுனை இந்தப் பட்டையின் மேல் தேய்த்துக்கொண்டு போகிறது. கையின் இடத்துக்கேற்ப மின்தடை மாறுகிறது. மிதவை, கை, பட்டை மூன்றும் சேர்ந்ததைத்தான் கடையில் டேங்க் யூனிட் என்று கேட்டு வாங்குகிறோம். இதில் தேய்மானம் எங்கே விழும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். டேங்க் நிறைந்து காலியாவது வாரத்துக்கு ஒரு தரம். ஆனால் ஓடும்போது பெட்ரோல் அலையடித்துக்கொண்டே இருக்கிறது. தொடுமுனை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக ஓயாமல் உரசுகிறது. ஆகவே எந்த மட்டத்தில் அதிக காலம் ஓட்டுகிறோமோ அந்த இடத்தில்தான் பட்டை முதலில் தேயும். நம் பகுதியில் டேங்கை நிரப்பி ஓட்டுகிறவர் குறைவு. 300 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் போட்டு, கால் டேங்குக்குக் கீழேயே காலம் தள்ளுகிறோம். அதோடு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட பள்ளங்கள். இங்கே பழைய யூனிட்டைக் கழற்றினால் பட்டையின் கடைசிக் கால் பகுதியில் பள்ளம் விழுந்திருக்கும். மேல் பகுதி புதிதாக இருக்கும். அறிகுறியும் அதுபோலவே வரும். பாதிக்கு மேல் முள் ஒழுங்காக இருக்கும், காலுக்கு வந்ததும் துள்ளும், திடீரென்று விழும், மீண்டும் எழும். அளவு எப்போது மிகவும் தேவையோ அப்போது சாட்சி உளறுகிறது.

பெட்ரோலின் தன்மையும் பட்டையைக் கெடுக்கலாம். 2004 மே மாதம் அமெரிக்காவில் ஃபுளோரிடா, லூசியானா பகுதிகளில் கந்தகம் கூடுதலாகக் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்குப் போய், டேங்க் யூனிட்டுகளின் வெள்ளித் தொடுமுனைகளை அரித்தது. காலி டேங்க் நிறைந்ததாகக் காட்டியது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் கவலை குறைந்தது. ஆனால் இப்போது 20 விழுக்காடு எத்தனால் சேர்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காருக்கு இது நல்லதல்ல.

நான்காம் சாட்சியான மீட்டரையும் முடித்துவிட்டு மூன்றாமவருக்கு வருகிறேன், அவரிடம்தான் நிறைய வேலை இருக்கிறது. பழைய கார் மீட்டர்களில் இரட்டை உலோகப் பட்டை ஒன்று சூடேறி வளைந்து முள்ளைத் தள்ளும். சாவி போட்டதும் முள் நிதானமாக எழுந்தால் அந்த வகை. அதற்கு மின்சாரம் சுமார் 10 வோல்ட்டில் சீராக வர ஒரு ஸ்டெபிலைசர் உண்டு. அது கெட்டால் பெட்ரோல் முள்ளும் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் சேர்ந்தே தவறும். இரண்டும் ஒன்றாகப் பிசகினால் டேங்க் பக்கமே போக வேண்டாம். புதிய கார்களில் முள்ளை நகர்த்துவது ஒரு சின்ன மோட்டார். அதற்கு ஆணையிடுவது கம்ப்யூட்டர். அலையடிப்பைக் கழிக்க அது பல நிமிடச் சராசரி எடுக்கும். சாவியை அணைக்காமல் பெட்ரோல் போட்டால் முள் சோம்பலாக ஏறுவதற்குக் காரணம் அதுதான். இதை அறியாமல் பங்க்கில் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் சண்டை தேவையில்லை. முத்திரையிட்ட 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 25 மில்லி லிட்டருக்கு மேல் குறைந்தால்தான் பம்ப்பின் மேல் குற்றம்.

மூன்றாம் சாட்சி ஒயர். டேங்க் யூனிட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயர், அதன் இணைப்பிகளான கப்ளர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக எர்த். மின்சாரம் திரும்பி வரும் வழி அது. பல வண்டிகளில் வண்டியின் இரும்பு உடலே அந்த வழி. ஒரு வளையத்தைத் திருகாணியால் உடலில் இறுக்கியிருப்பார்கள். அங்கே துருவோ களிம்போ ஏறினால் கூடுதல் மின்தடை சேரும். மீட்டருக்கு யூனிட்டின் தடை எது, களிம்பின் தடை எது என்று பிரித்தறிய வழியில்லை. மொத்தத்தையும் பெட்ரோலின் அளவாகச் சொல்லிவிடும். மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலி என்று சில பிழைகளை வகைப்படுத்துகிறது: காரணம்போலத் தோன்றி, காரணமாகாத ஒன்றிலிருந்து முடிவுக்குப் போவது. களிம்பைப் பார்த்துப் பெட்ரோல் குறைந்தது என்று முடிவு செய்வது அந்த வகையில் அடங்கும்.

காசிமேட்டுக் கடல் காற்று தண்டையார்பேட்டைத் தெருக்களுக்கு எப்போதும் வருகிறது. இரவில் நிறுத்திய கார்மீது விழும் பனியில் உப்பு இருக்கிறது. வெறும் இரும்பும் செம்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அரிப்பு வரும். எர்த் திருகாணி அப்படிப்பட்ட இடம். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்லும் எடுத்துக்காட்டு செம்பில் களிம்பு; வெளியிலிருந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பார்கள். இந்தக் கடற்கரையில் கார் வைத்திருப்பவர்கள் அந்த எடுத்துக்காட்டை முழுமையாக ஒப்புக்கொள்வார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு இதோடு சேறும் சேர்ந்தது. கப்ளர்களுக்குள் போன தண்ணீரின் வேலை பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இந்த விசாரணையைச் செய்ததை நின்று பார்த்தேன். பழைய சின்னக் கார். வைத்திருந்தவர் வயதானவர். முந்தின நாள் 15 லிட்டர் போட்டும் முள் காலுக்கு மேல் ஏறவில்லை. கையில் புது டேங்க் யூனிட் பெட்டி.

"யூனிட்டு போயிருச்சுன்னு சொல்றாங்கப்பா. இத மாத்திக் குடு."

"மாத்தலாம் சார். பெட்டிய பிரிக்காம வைங்க, கடைல திருப்பிக் குடுக்குறாப்புல இருக்கட்டும். மொதல்ல எர்த்த பாக்குறேன்."

சாவியைப் போட்டார். ஹெட்லைட்டைப் போட்டார். முள் ஒரு நூல் இறங்கியது. "பிரேக்க மிதிங்க சார்." பெரியவர் மிதித்தார். முள் இன்னும் இறங்கியது. காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது.

"பிரேக் மிதிச்சா பெட்ரோலு கொறையுமா சார்?"

டிக்கியைத் திறந்து, விரிப்பை மடக்கி, இடது டெயில் லைட்டுக்குப் பின்னால் இருந்த எர்த் திருகாணியைக் கழற்றினார். வளையம் பச்சை பூத்திருந்தது. அதற்கடியில் பெயின்ட் உப்பி, பழுப்புத் துரு பொடியாக உதிர்ந்தது. டெயில் லைட்டுக்கும் டேங்க் யூனிட்டுக்கும் ஒரே எர்த். விளக்குகளின் மின்சாரம் அந்தக் குறுகிய வழியில் நெரிந்தபோது முள் அதைப் பெட்ரோல் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறது. வேறொரு ஒயரின் ஒரு முனையைச் சுத்தமான இரும்பில் வைத்து, மறுமுனையை யூனிட்டின் எர்த்தில் தொட்டார். முள் ஆடாமல் ஏறிப் பாதியைத் தாண்டி நின்றது. "டேய், உப்புத்தாள எடு" என்றார் பையனிடம். பெயின்டைச் சுரண்டி இரும்பு மின்னும்வரை தேய்த்தார். வளையத்தின் இரு பக்கமும் தேய்த்தார். இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார்.

"கடலு பக்கத்துல இருக்குதுல்ல சார். வருசத்துக்கு ஒருக்கா இத தொடைச்சு வுடணும்."

இதில் பொய்யின் திசையும் முக்கியம். டேங்க் காலியானால் மின்தடை கூடுகிற ஏற்பாட்டில், கெட்ட எர்த் முள்ளைக் குறைத்துக் காட்டும். ஜப்பானிய வகைக் கார்கள் பலவும், பழைய ஃபோர்டுகளும் இந்தப் பக்கம். அந்த ஃபோர்டுகளில் காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10 ஓம். ஐரோப்பியக் கார்களில் பரவலான விடிஓ வகை நேர்மாறு: காலிக்கு 10, நிறைவுக்கு 180. பழைய ஜெனரல் மோட்டார்ஸில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. இவற்றில் எர்த் கெட்டால் முள் கூட்டிக் காட்டும். குறைத்துச் சொல்லும் பொய்க்கு அவசரப்பட்டு பங்க்குக்குப் போவோம், அவ்வளவுதான். கூட்டிச் சொல்லும் பொய் நடுரோட்டில் நிறுத்திவிடும். அதோடு நிற்காது. பெட்ரோல் காரில் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைப்பதும் அந்தப் பெட்ரோலேதான். வறண்ட டேங்கில் ஓடினால் பம்ப் கருகும். டீசல் வண்டியில் குழாய்களுக்குள் காற்று புகுந்து, அதை வெளியேற்றும்வரை என்ஜின் பிடிக்காது.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. விசாரணைக்கு முன் ஒரு பார்வையில் முடிவது பியூஸ். அடுத்து, சூட்டு முள்ளும் சேர்ந்து தவறுகிறதா என்று பார்ப்பது. விசாரணை தொடங்குவது எர்த்தில்: சாவி போட்ட நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் மைனசிலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அதுவும் சரியாக இருந்தால் யூனிட்டின் கப்ளரைக் கழற்ற வேண்டும். முள் ஒரு கோடிக்கு ஓட வேண்டும். கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் ஓரிரு நொடி இணைத்தால் மறுகோடிக்கு ஓட வேண்டும். ஓடினால் மீட்டரும் ஒயரும் நிரபராதிகள், குற்றம் டேங்குக்குள். ஓடாவிட்டால் டேங்கைத் திறப்பது வீண். கம்ப்யூட்டர் வழியே முள் ஆடும் கார்களில் வெறும் ஒயரால் இணைக்கக் கூடாது. அந்தக் காருக்கு உரிய அளவு மின்தடையை இடையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அவற்றில் எர்த்தும் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கே ஒயர் வழியாகத் திரும்பும். அங்கே சந்தேகம் திருகாணியிலிருந்து கப்ளருக்கு நகர்கிறது, அவ்வளவுதான்.

டேங்கைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகு. பல சின்னக் கார்களில் பின் சீட்டு மெத்தையைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; ஓடிப்போகாமல் காருக்குள்ளேயே தரையோடு படுக்கும். காற்றில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். பேட்டரி ஒயரை முதலிலேயே கழற்றிவிட வேண்டும், கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், வேலை முடியும்வரை யாரும் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. வெளியே எடுத்த யூனிட்டைக் கையில் பிடித்து, மிதவையை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே மின்தடையைப் பார்க்க வேண்டும். இதற்கு முள் வைத்த பழைய மல்டிமீட்டர்தான் நல்லது. டிஜிட்டலில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு கணம் தொடர்பு அறுந்தது கண்ணுக்குத் தப்பிவிடும். முள்ளில் அது ஒரு துள்ளலாகத் தெரியும்.

யூனிட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பலரும் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். பழைய உதிரி பாகங்களின் கடல் அது. எந்தக் காருக்கும் ஏதாவது கிடைக்கும். பொருந்துகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்து வாங்குவோம். ஆனால் துளைகள் பொருந்துவதும் ஓம்கள் பொருந்துவதும் வேறு. ஒரு வகைக் காரின் யூனிட்டை இன்னொரு வகை மீட்டரோடு சேர்த்தால் முள் ஆடும், ஏறும், இறங்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். சொல்வது மட்டும் தவறு. எதுவும் உடையாத, எதுவும் அறுந்திராத இந்தக் கோளாறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரியிலிருந்து துனீசியாவின் ஜெர்பாவுக்குப் புறப்பட்ட துனின்டர் விமானத்தில் நடந்தது இதுதான். அது ஏடிஆர் 72 வகை விமானம். முந்தின நாள் அதன் எரிபொருள் காட்டியை மாற்றியபோது, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சிறிய ஏடிஆர் 42 விமானத்துக்கான காட்டியைப் பொருத்திவிட்டார்கள். டேங்குகளின் வடிவம் வேறு, சென்சார்கள் வேறு. காட்டி, இருந்ததைவிட மிகக் கூடுதலாகக் காட்டியது. நடுவானில் இரண்டு என்ஜின்களும் நின்று, விமானம் சிசிலிக்கு அருகே கடலில் இறங்கியது. இருந்த 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். காட்டி கடைசிவரை ஒழுங்காகவே வேலை செய்தது, வேறொரு விமானத்துக்கு.

டிப் ராடு இருந்தாலும் அலகு தவறினால் போயிற்று. 1983 ஜூலை 23இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் எரிபொருள் கணிப்புக் கருவிக்குள் சால்டரிங் சரியாகப் பிடிக்காததால் காட்டிகள் வெறுமையாக இருந்தன. அளவுகோலால் டேங்கை அளந்தார்கள், லிட்டரைச் சரியாகவே எடுத்தார்கள். கிலோவுக்கு மாற்றும்போது லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்று போடாமல், லிட்டருக்கு 1.77 பவுண்டு என்ற எண்ணைப் போட்டுவிட்டார்கள். பாதிகூட எரிபொருள் இல்லாமல் கிளம்பி, நடுவானில் என்ஜின்கள் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்து இறங்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

காரில் இரண்டாவது சாட்சி எது என்ற கேள்வி இங்கே வருகிறது. சில கார்களில் ரிசர்வ் விளக்குக்கு டேங்குக்குள் தனியாக ஒரு சிறு வெப்பத்தடை இருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும். வெளியே தெரிந்ததும் சூடேறித் தன் தடையைக் குறைத்து விளக்கை எரியவிடும். மிதவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே இது உண்மையான இரண்டாம் சாட்சி. முள் காலி என்று சொல்லி விளக்கு எரியாவிட்டால் முள்ளைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. பல புதிய கார்களில் விளக்கை எரியவிடுவதும் அதே மிதவை. இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் வரும் எண்ணுக்கும் மூலம் அதே மிதவை. முள், விளக்கு, எண் மூன்றும் ஒன்றுபோலச் சொல்கின்றன என்று நிம்மதி அடையக் கூடாது. ஒரே ஆள் மூன்று முறை சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறார். அந்தக் கார்களில் மிதவையைச் சாராமல் பேசக்கூடியது டிரிப் மீட்டர் ஒன்றுதான். அது சக்கரத்தின் சுழற்சியை எண்ணுகிறது. நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தை மைலேஜால் வகுத்தால் செலவான பெட்ரோல் கிடைக்கும். இது அறவண அடிகளும் ஏற்கும் கருதல்.

இந்த ஊரில் இரண்டாம் சாட்சி இல்லாமல் போனதன் விலையைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறோம். 2013இல் தண்டையார்பேட்டையில் வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எரிபொருள் வாடை அடித்தது, எண்ணெய் மிதந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய் முனையத்துக்கு நிலத்தடியில் வரும் குழாயில் கசிவு. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது. கசிவைத் தெருவுக்குச் சொன்னது எந்த முள்ளும் அல்ல, தண்ணீர் பிடித்த குடம். தன் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பெட்ரோல் எவ்வளவு என்று இரண்டு வழியில் அறிந்திருக்க ஒருவர் மெனக்கெடுவதை நான் சின்ன வேலையாக நினைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வேலையைச் செய்யும் முறை சுலபமானது. வண்டிக்குச் சொந்தமாக ஒரு டிப் அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் விளக்கு எரிந்ததும் அருகில் உள்ள பங்க்குக்குப் போய், சமதளத்தில் நிறுத்தி, சாவியை அணைத்து, பம்ப்பின் துப்பாக்கி தானே நிற்கும்வரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் அமுக்கிப் போடக் கூடாது. 35 லிட்டர் டேங்கில் 29 லிட்டர் பிடித்தால், விளக்கு எரிந்தபோது மீதி சுமார் 6 லிட்டர். டிரிப் மீட்டரைப் பூச்சியத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு முள் முக்காலைத் தொட்டபோது எத்தனை கிலோமீட்டர், பாதியில் எத்தனை, காலில் எத்தனை என்று ஒரு சீட்டில் குறித்து, வண்டிக் காகிதங்களோடு வைக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நிரப்பலில் எண்கள் ஒத்துப்போனால் சீட்டை நம்பலாம். ஒரு நாள் முள் சீட்டோடு ஒத்துப்போகாவிட்டால், டிக்கியைத் திறந்து எர்த் திருகாணியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். டேங்க் யூனிட்டையோ மீட்டர் போர்டையோ மாற்றினால் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். வண்டியை விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தோடும் இரண்டு சாவிகளோடும் அந்தச் சீட்டையும் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும்.